தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கதவின் மேல் துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருப்பதாக அர்த்தம். கல்யாணம், சீமந்தம் என்று வெளியூரிலிருந்து வந்து தங்குகிற உறவுக்காரர்கள் ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். வெளியே வந்ததும், "என்னடி வீடு இது, ஒரு தாப்பாள்கூட இல்லாம" என்று அம்மாவிடம் அலுத்துக்கொள்வார்கள். அம்மா எதையாவது சொல்லி மழுப்பிவிட்டுக் காப்பி கலக்கப் போய்விடுவாள். உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

உண்மை இதுதான். என் அக்காவுக்கு வலிப்பு. பள்ளிக்கூடத்தில் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த நாளிலிருந்து உண்டு. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு கீழ்ப் போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். வீட்டுக்காரர் குளியலறைக்குப் புதுக் கதவு போட்டபோது, தாழ்ப்பாள் வேண்டாம் என்று அப்பாதான் சொன்னார். அவர் எதற்கோ சிக்கனம் பார்க்கிறார் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார்.

அக்கா குளிக்கப் போனால் அம்மா ஒரு மர முக்காலியை எடுத்துப்போட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்வாள். கையில் கீரை இருக்கும், அல்லது அரிசி இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. இரண்டு மூன்று சொம்பு ஊற்றுகிற சத்தம் கேட்கும். பிறகு அம்மா கேட்பாள், "இருக்கியா?" உள்ளேயிருந்து அக்கா சொல்வாள், "இருக்கேன்." மறுபடி தண்ணீர். மறுபடி "இருக்கியா?" "இருக்கேன்." நான் தூக்கம் கலைந்து படுத்திருக்கும் காலை வேளைகளில் இந்தக் கேள்வியும் பதிலும்தான் முதலில் காதில் விழும். அக்காவுக்கு முப்பது வயது தாண்டியும் இது நிற்கவில்லை.

அந்தச் சாவிக்கொத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சாலையில் யாராவது விழுந்தால்கூடச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் நாலு பேர் சாவியைத் தேடுவார்கள். எங்கள் வீட்டில் பூட்டுவதற்கு ஒரு பீரோவும் ஒரு வாசல் கதவும்தான். ஆனால் அம்மாவின் கொத்தில் துருப்பிடித்த சாவிகளாகவே ஒரு கைப்பிடி தொங்கும். "இதனால எல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, வலிப்பு அதுவா வரது, அதுவா போறது" என்று நான் கத்துவேன். "உன் சயின்ஸ் பொறக்கறதுக்கு முன்னாடியே இது இருக்குடி, போ" என்பாள். அவளோடு யார் வாதாடுவது?

அக்கா மாத்திரை சாப்பிட்டாள், காலையும் ராத்திரியும். அதைச் சாப்பிட்டும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை விழுவாள். மாத்திரை அவள் ஈறுகளை வீங்க வைத்திருந்தது. சிரித்தால் புறங்கையால் வாயை மூடிக்கொள்வாள். பகல் முழுக்க ஒரு மந்தம். அப்படியும் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். சுருக்கென்று பேசுவாள். கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு முறை வந்து, உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்று அப்பாவும் அம்மாவும் குழம்பிக்கொண்டிருந்ததிலேயே கலைந்து போனது. அக்கா அதற்காக அழுது நான் பார்த்ததில்லை.

"உனக்குக் குணமாயிட்டா முதல்ல என்ன பண்ணுவே?" என்று ஒரு நாள் கேட்டேன். நான் சினிமா, ரயில் பயணம், கல்யாணம் என்று ஏதோ எதிர்பார்த்தேன்.

"தாப்பாள் போட்டுண்டு குளிப்பேன்" என்றாள். "யாரும் வெளியில உக்காந்துண்டு இருக்கியான்னு கேக்கப்படாது. அவ்வளவுதாண்டி."

ஒரு மனுஷி கேட்கிற வரமா இது? இரண்டு ஸ்க்ரூ போட்டால் முடிகிற வேலை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் தரமணியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மாணவியாக இருந்தேன். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வழியாகப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போய்வருவேன். உறவுக்காரர்களிடம் அம்மா "மூளையைப் பத்தி ஏதோ படிக்கறா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். முழுதாகச் சொன்னால் என்னையும் தள்ளி வைத்துவிடுவார்கள். கஞ்சா மூளைச் செல்களில் என்ன செய்கிறது என்பதுதான் என் படிப்பு.

கஞ்சாவுக்கென்றே மூளைச் செல்களின் மேல் ஓர் ஏற்பி இருக்கிறது. அதாவது அந்தப் பொருள் வந்து பொருந்தி உட்காருகிற ஓர் இடம். அது உறுதியாகிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஒரு மூளைச் செல் அடுத்த செல்லோடு பேச வேண்டுமானால் நடுவில் இருக்கிற துளி இடைவெளியில் ரசாயனத்தைக் கொட்டுகிறது. அடுத்த செல் அதை வாங்கிக்கொள்கிறது. ஒன்றுக்கு வாய், ஒன்றுக்குக் காது. மூளையில் இருக்கிற ஏற்பிகளில் பெரும்பாலானவை கேட்கிற செல்லின் காதில் இருக்கும். கஞ்சாவின் ஏற்பியோ பேசுகிற செல்லின் வாயருகிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதில் மருந்து வந்து பொருந்தினால், செல்லுக்குள் கால்சியம் நுழைகிற வழி குறுகும். கால்சியம் வராவிட்டால் ரசாயனத்தைக் கொட்ட முடியாது. பேச்சு தணிந்துவிடும். அந்த ஏற்பியின் வேலை அவ்வளவுதான். கத்துகிற வாயை அது கொஞ்சம் சாத்துகிறது.

எலியின் மூளையில் நினைவுக்கான பகுதி ஒன்று உண்டு. ஹிப்போகேம்பஸ் என்று பெயர். அதை மெல்லிய வில்லையாகச் சீவி, ஆக்சிஜன் குமிழி விடுகிற உப்புநீரில் போட்டால் பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அந்த நீரிலிருந்து மக்னீசியத்தை எடுத்துவிட்டால் செல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பிக்கும். திரையில் பச்சைக் கோடு கொத்துக் கொத்தாக எகிறும். அது வலிப்புதான். உடம்பு இல்லாத வலிப்பு. அதை முதன்முதலில் பார்த்தபோது என் கை தன்னையறியாமல் மேசைமேல் சாவியைத் தேடியது. எனக்கே சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது.

பிறகு ஒரு நாள் கஞ்சாவின் வகையைச் சேர்ந்த மருந்தை அந்த நீரில் விட்டேன். கோடு எகிறிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கொத்துகள் சின்னதாயின. அப்புறம் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. அப்புறம் கோடு ஏறக்குறைய நேராக ஓடியது. நான் ஆராய்ச்சிக்கூடத்து முக்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். பின்னால் வந்து நின்ற என் பேராசிரியர், "என்னம்மா, ரிசல்ட் வந்தா சந்தோஷமில்ல படணும்?" என்றார். எனக்கு வீட்டில் ஓர் அக்கா இருப்பது அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். கார்த்திகை தீபத்து நாள். வாசலில் அகல் ஏற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கஞ்சாவா! அடிப்பாவி, இதுக்கா உன்னைப் படிக்க வெச்சா?" என்றாள், வாயைப் புறங்கையால் மூடிச் சிரித்துக்கொண்டே. பிறகு அகலைக் கீழே வைத்துவிட்டு, "என் மண்டைக்குள்ள கத்தறதே, அதுக்கும் அந்த மாதிரி ஒரு கதவு இருக்குங்கறியா?" என்று கேட்டாள்.

"இருக்கு. எல்லார் மண்டைக்குள்ளயும் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணு சொல்றேன் கேளு. கஞ்சா மாதிரி ஒரு பொருளை மூளையே சொந்தமா தயார் பண்றது. கண்டுபிடிச்சவா அதுக்கு ஆனந்தம்ங்கற நம்ம வார்த்தையை வெச்சே பேர் குடுத்திருக்கா."

கூடத்தில் செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வந்தார்.

அப்பாவைப் பற்றி நான் நியாயமாகத்தான் பேச வேண்டும், ஆனால் எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மத்திய சர்க்கார் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவரே இல்லை. அக்காவைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தவர். ஓய்வுக்குப் பிறகு காலை நடைக்குச் சிநேகிதர்கள் சேர்ந்தார்கள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளைக்காரன் இன்று கண்டுபிடிப்பதெல்லாம் நம்மவர்கள் அன்றே சொன்னதுதான் என்று பேசுகிற கூட்டம். மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாம் அங்கே கற்றுக்கொண்டு வந்தார். அவர் நம்புவதற்கு ஒத்துப்போகிற அளவுக்குத்தான் அவருக்கு விஞ்ஞானம் பிடிக்கும். அந்த எல்லைக்கு மேலே ஒரு சொல் காதில் ஏறாது.

"உள்ளுக்குள்ளேயே ஊறறதுன்னா வெளியிலேர்ந்து மாத்திரை எதுக்குடி?" என்றார்.

"ஊறும்பா, ஆனா நிக்காது. உண்டான சூட்டோட உடம்பே அதை அழிச்சுடும். வேணுங்கற இடத்துல, வேணுங்கற நேரத்துல மட்டும் துளி. எங்களுக்கே இன்னும் பாதி தெரியாது."

"போறலைன்னா அதிகமா ஊற வைக்கணும். பிராணாயாமம் எதுக்கு இருக்கு? உனக்குத் தெரியாத பாதியை ரிஷிகள் எப்பவோ முடிச்சு வெச்சுட்டா."

மறுநாள் பூங்காவில், "என் சின்னவ கண்டுபிடிச்சிருக்கா" என்றே சொல்லிவிட்டாராம். நான் எலி மூளையைச் சீவிக்கொண்டிருந்த சமயத்தில், பெஞ்சில் உட்கார்ந்த நாலு பெரியவர்கள் என் ஆராய்ச்சியை முடித்து வைத்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் அப்பா தீர்ப்பு சொன்னார். ஒரு மண்டலம். விடியலில் எழுந்து மூச்சுப் பயிற்சி, தியானம். மாத்திரையை முதலில் பாதியாக்கி, பிறகு நிறுத்திவிட வேண்டும். மண்டலம் முடிகிறவரை ஒரு முறையும் வலிப்பு வராவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். சபரிமலைக்குப் போனாலும், லேகியம் சாப்பிட்டாலும், எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் அளவு ஒரு மண்டலம்தான்.

நான் வீட்டையே இரண்டாக்கினேன். "இத்தனை வருஷம் சாப்பிட்ட மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா மூளை சும்மா இருக்காதுப்பா, மொத்தமா வெடிக்கும். டாக்டரையாவது ஒரு வார்த்தை கேளுங்கோ" என்று கத்தினேன். "மாத்திரை எழுதறவன் மாத்திரை வேண்டாம்னு சொல்வானா?" என்றார் அப்பா. அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைசியில் அக்காவிடம் போனேன். அவள் சொன்னால் அப்பா கேட்பார். அவள் சமையலறையில் துவையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நீ எலிக்குக் குடுக்கறியே அந்த மருந்து, அது எனக்கு எப்போடி வரும்?" என்று கேட்டாள்.

"வருஷமாகும். வராமலும் போகலாம்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"அப்போ என்னை விட்டுடு. மாத்திரை சாப்பிட்டும் விழறேன். சாப்பிடாம விழுந்தா என்ன? ஒரே ஒரு தடவை என் தலை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும்." துருவலை வழித்து எடுத்தாள். "தாப்பாள் போடறேன்னு அப்பா சொல்லியிருக்கார்."

நான் துருவலை வாங்கி அம்மியில் வைத்தேன்.

மார்கழி பிறந்தது. விடியலில் தெருவில் பஜனை போகும்போது அப்பாவும் அக்காவும் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். கண் இமை துடித்தால் எழுந்து அருகில் போய்விடுவேன். ஆனால் ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு. மந்தம் விலகியது. அவள் நடை மாறியது. பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லும்போது குரல் வாசல் வரைக்கும் கேட்டது. ஈறு வற்ற ஆரம்பித்து, ஒரு நாள் வாயை மூடாமலே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. எங்கள் அம்மாவின் பல்வரிசை அவளுக்கு.

தை பிறந்தது. மண்டலமும் முடிந்தது. அப்பா ஜெயித்துவிட்டார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிற ஒன்று, இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு மண்டலத்தில் வராமல் இருந்ததில் என்ன அதிசயம்? எலி ஒன்றை வைத்து இப்படி ஒரு முடிவை நான் கொண்டு போய் நீட்டினால் என் பேராசிரியர் கிழித்துக் குப்பையில் போடுவார். அதை அப்பாவிடம் சொன்னேன். "உனக்குப் பொறாமைடி, மூக்கு அறுந்து போச்சோல்லியோ" என்றார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா தி. நகரில் பாண்டி பஜாருக்குப் போய், பித்தளையில் பளபளவென்று ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தார். கடைக்கு அக்காவும் கூடப் போனாள். அவள் தேர்ந்தெடுத்ததுதான். அப்பா தானே ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கக் கதவிலும் நிலையிலும் துளை போட்டுப் பொருத்தினார். அக்கா அதைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். டக், டக் என்று வீடு முழுக்கக் கேட்டது. எனக்கும் மனம் நிறைந்துதான் போனது, அதை மறைப்பானேன்.

மறுநாள் காலை அக்கா துண்டும் புடவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டக். அம்மா பழக்கத்தில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தவள், பாதி வழியில் நின்றாள். "அம்மா, கேக்கப்படாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மா முக்காலியைத் திரும்ப எடுத்துப்போய் வைத்தாள். அதன் பிறகு அக்கா குளிக்கிற நேரமெல்லாம் அம்மா சமையலறையில் வாயை இறுக மூடிக்கொண்டு, சாவிக்கொத்தைப் பிடித்தபடி நிற்பாள். அடுப்பில் பால் பொங்கினாலும் தெரியாது. அக்கா மட்டும் உள்ளே பாடிக்கொண்டு, ஆற அமர, வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு குளித்தாள். வெளியே வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மாசியில் ஒரு காலை. நான் தரமணிக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். குளியலறையில் பாட்டு நடுவில் நின்றது. சொம்பு தரையில் விழுந்து உருண்ட சத்தம். சோப்பு வழுக்கியிருக்கும் என்று நினைத்த அந்த ஒரு கணத்துக்குள், கதவின் அடிப்பக்கத்தை உள்ளேயிருந்து ஏதோ இடிக்க ஆரம்பித்தது. சீராக, விடாமல், தடதடவென்று. குதிகால்.

"இருக்கியா?" என்று அம்மா அலறினாள். "இருக்கியா? கொழந்தே, இருக்கியா?"

அப்பா தோளால் கதவை முட்டினார். அசையவில்லை. உறுதியான தாழ்ப்பாள்தான், பார்த்துப் பார்த்து வாங்கியது. நான் கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். திரும்பிப் பார்க்கும்போது அம்மா தரையில் குப்புறப் படுத்து, சாவிகளைக் கொத்திலிருந்து உருவிக் கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். விரல் நுழையாத இடுக்கு. ஒவ்வொரு சாவியாகப் படுக்க வைத்துத் தள்ளினாள். "பிடிச்சுக்கோடி, பிடிச்சுக்கோ, கைல பிடிச்சுக்கோ." அந்த இரும்பை நான் கேலி செய்த நாளெல்லாம் என் நெஞ்சில் வந்து விழுந்தது.

வீட்டெதிரே வேப்பமரத்தடியில் துணி தேய்க்கிறவர் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார். "இன்னா சாமி ஆச்சு? நகுருங்க, நகுருங்க" என்று அப்பாவைத் தள்ளிவிட்டு, காலால் நாலு உதை விட்டார். பலகை பிளந்தது. கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை எடுத்தார். கதவு திறந்ததும் அவர் உள்ளே பார்க்கவில்லை. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய், வண்டியிலிருந்து யார் வீட்டுப் படுக்கை விரிப்போ ஒன்றை, தேய்த்து மடித்த சூட்டோடு, கொண்டுவந்து நீட்டினார். "முதல்ல இத்த போத்தும்மா பொண்ணுக்கு. நான் போய் ஆட்டோ இட்டாரேன்."

அம்மாவும் நானும் போர்த்தினோம். அக்காவின் நெற்றி பிளந்து ரத்தம் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. உடம்பு இன்னும் தூக்கித் தூக்கிப் போட்டது. சாவிகள் சுவரோரம் சிதறிக் கிடந்தன, அவள் கைக்கு எட்டாத தூரத்தில். வாசலில் தெருவே கூடியிருந்தது. ஒரு கதவைச் சாத்திக்கொள்ள ஆசைப்பட்ட என் அக்காவை, அத்தனை பேர் பார்க்க, ஈரத்தோடு தூக்கிக்கொண்டு போனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு வலிப்பு முடிவதற்குள் அடுத்தது வந்தது. நடுவில் அவள் விழிக்கவே இல்லை. திரையில் அந்தப் பச்சைக் கோடு எகிறுவதைத்தான் அவள் முகத்தில் பார்த்தேன். இதை அடக்க ஒரு மருந்து என் எலிகளுக்கு இருந்தது, அவளுக்கு இல்லை. "மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க?" என்று டாக்டர் கேட்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் பதில் சொன்னேன். டாக்டர் எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் சொன்னதை எழுதிக்கொண்டு உள்ளே போனார். ஊசி போட்டு அவளை நாள்கணக்கில் தூங்க வைத்தார்கள்.

பிழைத்துவிட்டாள். கண் விழித்து எங்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டுகொண்டாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து, தெய்வமே என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்ப உள்ளே போனபோது அக்கா அம்மாவிடம் குழறிக் குழறிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கார்த்திகைப் பொரி மிச்சம் இருக்காம்மா? வாயெல்லாம் கசக்கறது."

அப்போது மாசி முடியப் போகிறது. அவளுக்குக் கார்த்திகை தீபம் ஞாபகம் இருந்தது. அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை. மார்கழி இல்லை, பஜனை இல்லை, பாண்டி பஜார் இல்லை. வாயை மூடாமல் சிரித்தது அவளுக்குத் தெரியாது. ஓயாத வலிப்பு முதலில் அடிக்கிற இடம் ஹிப்போகேம்பஸ்தான். நான் தினமும் எலியிலிருந்து எடுத்துச் சீவுகிற அதே பகுதி. அந்த மாதங்கள் திரும்ப வருமா என்று டாக்டரைக் கேட்டேன். வராது என்பது எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

அந்த ஏற்பியைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் நாங்கள் அறிந்தது எல்லாம் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான். மூளை சொந்தமாகச் செய்கிற அந்தத் துளியை அனுப்புவது கேட்கிற செல்லாம். இரைச்சல் தாங்க முடியாமல் போகும்போது, பேசுகிற செல்லின் வாய்க்கு அது திருப்பி அனுப்புகிறது. போதும், நிறுத்து என்று. இதைப் படித்த அன்று எனக்குப் பசியே எடுக்கவில்லை. ஒரு சின்னஞ்சிறு செல்லுக்கு இருக்கிற அந்தச் சாமர்த்தியம் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இல்லை. அப்பா பேசினார், நாங்கள் கேட்டோம். நான் கத்தியது அவர் வாய் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது தீரவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த முதல் நாளையும் சொல்லிவிட வேண்டும். அக்கா வீடு திரும்புவதற்கு முன்பே அப்பா தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டிருந்தார். பிளந்த பலகை மேல் ஒரு தகரத்தை அடித்து வைத்திருந்தார். தாழ்ப்பாளை எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை. பூங்காவுக்குப் போவதையும் அவர் நிறுத்தியிருந்தார். அக்கா முன்னைவிட இரட்டிப்பு மாத்திரையில், முன்னைவிட மெல்ல நடந்தாள். ஈறு மறுபடி வீங்க இன்னும் நாளிருந்தது. ஆனால் பழைய ஞாபகத்தில் வாயை மூடிக்கொண்டேதான் பேசினாள்.

குளிக்க வெந்நீர் விளாவி வைத்தோம். அம்மா முக்காலியை எடுக்கப் போனாள். அதில் அப்பா உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் சாவிக்கொத்து அவர் கையில் இருந்தது. நானும் அம்மாவும் சமையலறை வாசலில் நின்றோம். உள்ளே இரண்டு சொம்பு தண்ணீர் விழுந்தது.

"இருக்கியா?" என்றார் அப்பா. குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கேட்டார், "இருக்கியாம்மா?"

"இருக்கேன்." தண்ணீர் நின்றது. "அப்பா, இந்தக் கதவு நிலைல புதுசா ஓட்டை ஓட்டையா இருக்கே. இங்க தாப்பாள் ஏதாவது இருந்துதா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

அப்பா சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே, "இல்லைம்மா" என்றார்.

"அதானே பார்த்தேன்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "நம்மாத்துல எனக்கு யார் தாப்பாள் போடப்போறா?"